தேங்காய் எண்ணெயைக் கீழே வை: மங்கின மரத்தரைக்கு அக்கா சொல்ற டிப்ஸ்

முதல்ல அந்தத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கீழே வை. வினிகர் வாங்கி வச்சிருக்கேன்னு சொன்னியே, அதையும் சமையல்கட்டுக்கே அனுப்பு. மரத்தரை மங்கிக் கிடக்கு, பாப்பா தவழ ஆரம்பிச்சிட்டா, தரையைத் தொட்ட கையை அப்படியே வாயில வைக்கிறா, அதனால விஷமில்லாத பொருளா வச்சுப் பளபளப்பு கொண்டு வரணும்னு நீ நினைக்கிறது சரிதான். ஆனா அது என்ன தரை, அது மேல என்ன பூச்சு இருக்குன்னு பாக்காம எதையாவது ஊத்தித் தேய்ச்சா, வீட்டைக் காலி பண்றப்போ ஓனர் அட்வான்ஸ்ல கை வைப்பார்.

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டைன்னு இந்த வட்டாரத்துக் கெஸ்ட் ஹவுஸ்ல ஹவுஸ்கீப்பிங் பாக்குறவ நான். இங்க மரத்தரைன்னு பேர் சொல்லி வாடகைக்கு விடுற வீடுகள்ல நான் பாத்த வரைக்கும் முழு மரம் போட்டது ரொம்பக் குறைச்சல். 1998-ல ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில இருந்து கார் வெளியே விட ஆரம்பிச்சது. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தாங்க. கொரியா, ஜப்பான்ல இருந்து வேலைக்கு வர்றவங்களை மனசுல வச்சு வீடு கட்டினவங்க, அவங்க ஊர்ப் பழக்கத்துக்கு இருக்கட்டும்னு ஹால்லயும் பெட்ரூம்லயும் மரம் மாதிரி பலகை ஒட்டினாங்க. வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு வர்ற ஜனம் அது. அவங்க போனதும் ஷிப்ட் முடிச்சு சேஃப்டி ஷூவோட நேரா கட்டிலுக்குப் போற பசங்க குடிவந்தா, தரை எப்படி இருக்கும்? நீ பாக்குற மாதிரிதான் இருக்கும்.

அதனால முதல் வேலை, உன் தரை எந்த ஜாதின்னு கண்டுபிடிக்கிறது. பெட்ரூம் வாசப்படியில பலகையும் டைல்ஸும் சேர்ற இடத்துல ஒரு அலுமினியப் பட்டி இருக்கும். அதோட ஓரத்துல டார்ச் அடிச்சுப் பலகையோட வெட்டுமுகத்தைப் பாரு. மேல மரக்கோடு போட்ட மெல்லிசு தோல், அடியில மரத்தூளை அழுத்தின மாதிரி பழுப்பா ஒரு தட்டு தெரிஞ்சா அது லேமினேட். மேல தெரியுறது மரத்தோட போட்டோதான். சந்தேகமா இருந்தா தரையில நாலடி தள்ளி நின்னு பாரு, அதே முடிச்சு, அதே வரி வேற பலகையில மறுபடியும் வந்திருக்கும். மரத்துல அப்படி வராது. அடி முழுக்க சாம்பல் நிறத்துல பிளாஸ்டிக் மாதிரி இருந்தா வினைல் வகை. மேல உண்மையான மரம் 2, 3 மில்லிமீட்டருக்கு, அடியில பிளைவுட்னா என்ஜினீயர்டு வுட். மேல தெரியுற வரி வெட்டுமுகத்துலயும் தொடர்ந்து கீழ வரைக்கும் ஓடினா முழு மரம், தேக்கா இருக்க வாய்ப்பு உண்டு. பலகைக்குப் பலகை நடுவுல சிமெண்ட் கோடு இருந்தா வேலையே மிச்சம், அது மரம் மாதிரி பிரிண்ட் போட்ட டைல்ஸ், சாதாரணமா துடைச்சுக்கோ.

நிஜ மரம்தான்னு தெரிஞ்சா அடுத்து பூச்சைப் பாக்கணும். கட்டிலுக்கு அடியில யாரும் பாக்காத மூலையில ஒரு சொட்டுத் தண்ணி வை. முத்து மாதிரி உருண்டு நின்னா மேல ஒரு படலம் இருக்கு. கொஞ்ச நேரத்துல மரம் தண்ணியைக் குடிச்சுக் கறுத்துப் போனா, பூச்சு தேஞ்சு போச்சு, இல்லேன்னா வெறும் எண்ணெய் மட்டும் போட்ட மரம். அதே மூலையில வேற இடத்துல நகத்தால லேசா கீறிப் பாரு. நகத்துல வெள்ளையா மெழுகு சுருண்டு வந்தா வாக்ஸ். கொரோனா காலத்து ஹேண்ட் சானிடைசர் பாட்டில் இன்னும் வீட்டுல எங்கேயாவது கிடக்கும், அதுல பஞ்சை நனைச்சு அங்கேயே வச்சுப் பாரு. பிசுபிசுன்னு ஒட்டினா அரக்குல செஞ்ச பிரெஞ்ச் பாலிஷ், ஏன்னா அரக்கு ஸ்பிரிட்ல கரையும். எதுவுமே ஆகலேன்னா அது பி.யூ.ன்னு சொல்ற பாலியூரித்தேன் மாதிரி கெட்டியான பூச்சு. இந்தச் சோதனைக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். இதைச் செய்யாம யூடியூப் பாத்துக் கலவை கலக்குறவங்களைப் பாத்தா எனக்குக் கோபம்தான் வருது.

பளபளப்பு எங்கே போச்சுன்னும் தெரிஞ்சுக்கோ. இந்தப் பக்கம் தரைக்கு முதல் எதிரி தூசிதான். ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்திக்கிட்டு டிப்பர் லாரி ஓடுற ரோடு, வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல எப்பவும் ஏதாவது ஒரு பக்கம் தோண்டி வச்சிருக்கிற வேலை, பக்கத்து பிளாட்டுல புதுசா எழும்புற கட்டடம். காத்துல வர்ற அந்தத் தூள்ல குவார்ட்ஸ் இருக்கு. கண்ணாடியையே கீறுற கடினம் அதுக்கு, மரத்துக்கு மேல இருக்கிற பூச்சு எம்மாத்திரம். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஆயிரம் விழுந்ததும் வெளிச்சம் நேரா திரும்பாம சிதறிப் போகுது, நாம அதைப் பாத்துட்டுத் தரை மங்கிடுச்சுங்கறோம். வாசலுக்கு வெளியே ஒரு தேங்காய் நார் மிதியடி, உள்ளே ஒரு துணி மிதியடி போடு. செருப்பு வெளியிலேயே. வினைல் தரைன்னா மட்டும் அடியில ரப்பர் வச்ச மிதியடி வேண்டாம், ரப்பர்ல இருந்து கறை இறங்கி மஞ்சளா நிக்கும், எதைப் போட்டாலும் போகாது.

தினமும் முதல்ல காஞ்ச மைக்ரோஃபைபர் மாப்புல தூசியை எடுத்துடு. அதுக்கு அப்புறம்தான் ஈரம். தூசி இருக்கும்போதே ஈரத்துணி போட்டு இழுக்குறது உப்புத்தாள் வச்சுத் தேய்க்குற மாதிரிதான். ஈரம்னாலும் பக்கெட்ல முக்கிச் சொட்டச் சொட்ட இழுக்குற நம்ம பழக்கம் மரத்துக்கு ஆகாது. துணியை நல்லாப் பிழிஞ்சிடு, துடைச்ச இடம் ஒரு நிமிஷத்துல தானா காஞ்சிடணும். ஸ்டீம் மாப் பக்கமே போகாத. சூடான ஆவி பலகை இடுக்குல இறங்கி உள்ளிருக்கிற தட்டை உப்ப வச்சிடும், உப்பின லேமினேட் திரும்பத் தட்டையாகாது.

இப்போ உன் வீட்டு விஷயம். நீ வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோவைப் பாத்தா எனக்கு லேமினேட்னுதான் தோணுது. லேமினேட்டோட மேல்தோல்ல அலுமினியம் ஆக்சைடு கலந்திருப்பாங்க, அது அவ்வளவு சீக்கிரம் தேயாது. மங்கலாத் தெரியுறதுக்குக் காரணம் பெரும்பாலும் மேல படிஞ்ச அழுக்குப் படலம்: முன்ன இருந்தவங்க ஊத்தின பினாயில், வாசனை ஃப்ளோர் கிளீனர், போர் தண்ணியோட உப்பு எல்லாம் சேர்ந்து காஞ்சு நிக்குது. ஒரு முழம் இடத்தைத் தேர்ந்தெடுத்து வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரே ஒரு சொட்டு விட்டுத் துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடை, அடுத்து நல்ல தண்ணி, அடுத்து காஞ்ச துணி. அந்த முழம் மட்டும் பளிச்சுன்னு தனியாத் தெரிஞ்சா உனக்குப் பாலிஷே தேவையில்ல. பூசுறதை விட்டுட்டு எடுக்குற வேலையைச் செய்.

அதுக்குப் பூந்திக்கொட்டை போதும். நாட்டு மருந்துக்கடையில கிடைக்கும். பத்து கொட்டையை உடைச்சு விதையைத் தூக்கிப் போட்டுட்டு, தோலை ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறப் போடு. காலையில அதோட பத்து நிமிஷம் கொதிக்க வச்சு, ஆறினதும் பிசைஞ்சு மெல்லிசு துணியில வடிகட்டு. நுரை கட்டுற பழுப்புத் தண்ணி கிடைக்கும். அரை பக்கெட் தண்ணிக்கு ஒரு டம்ளர் கலந்தா போதும், கெட்டியா போட்டா வெளுத்த மரத்துல கறை ஏறும். கடைசியா துடைக்கிற துணிக்கு மட்டும் போர் தண்ணி வேண்டாம், கேன் தண்ணி ஒரு சொம்பு எடுத்துக்கோ, வெள்ளைத் திட்டு விழாது. மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு நாள்ல தீர்த்துடு, புளிச்சுப் போயிடும். இன்னொண்ணு, பூந்திக்கொட்டைத் தண்ணி கண்ணுல பட்டா கடுமையா எரியும். செடியில விளைஞ்சதுங்கிறதுக்காக பாப்பா பக்கத்துல பாத்திரத்தைத் திறந்து வைக்காத.

இயற்கைன்னு பேர் போட்டு ஊர்ல சொல்ற மத்ததையும் சொல்லிடுறேன். தேங்காய் எண்ணெய் காயவே காயாத எண்ணெய். தடவின அன்னிக்கு ஜொலிக்கும், அடுத்த வாரம் அந்த ஈரத்துல ரோட்டுத் தூசி முழுக்க ஒட்டிக் கறுப்பா நிக்கும், நாள் போனா சிக்கு வாடை வரும். லேமினேட்ல தடவினா வழுக்கி விழ வேண்டியதுதான். நல்லெண்ணெய் பாதி காஞ்சு பாதியில நின்னு பிசினாயிடும். வினிகரும் எலுமிச்சையும் அமிலம். மெழுகு, அரக்குப் பூச்சை மந்தமாக்கும், மார்பிளையும் சிமெண்ட் தரையையும் அரிக்கும். டூத்பேஸ்ட் வச்சுத் தேய்ச்சா அது இன்னும் நுணுக்கமா கீறுது, அவ்வளவுதான். பண்ருட்டி பக்கம் வாசக்காலுக்கும் விட்டத்துக்கும் செல்லரிக்காம இருக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவாங்க. அதுவும் இயற்கைதான், ஆனா தோல்ல பட்டா கொப்புளம் கிளம்பும், தவழுற பிள்ளை இருக்கிற வீட்டுத் தரையில அதை நினைச்சுக்கூடப் பாக்காத. பாத்ரூம் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்து எங்கேயும் ஊத்தாதேன்னு உனக்குச் சொல்லவே வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும். வேலைக்கு வர்ற அக்காவுக்கும் ஒரு தடவை சொல்லி வை.

சரி, பூச்சு தேஞ்சு போன நிஜ மரத்துக்கு என்ன? அம்மா வீட்டு ஊஞ்சல் பலகை, மாடிப்படிக் கட்டை, பழைய தேக்கு வாசப்படி, மச்சுப் பலகை இதெல்லாம் இந்தக் கணக்குல வரும். இங்கதான் நான் தவிடுக்கு ஓட்டுப் போடுவேன். ஜப்பான்ல கோயில் தரை, பழைய வீட்டு மரத்தாழ்வாரம் எல்லாம் கறுத்து மின்னுறதுக்குத் தவிட்டுப் பையும் ஒரு காரணம். அரிசித் தவிட்டைப் பருத்தித் துணியில மூட்டையாக் கட்டி வெறும் மரத்துல தேய்ப்பாங்க. துணி வழியா எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா கசியும், மரம் அதைக் குடிக்கும், கை அழுத்தத்துல மேற்பரப்பு மழமழன்னு ஆகும். கொரியாவுல பழைய காலத்து அடுப்புச்சூட்டுத் தரைக்குக் கெட்டிக் காகிதம் ஒட்டி, ஊற வச்சு அரைச்ச சோயாவோட எண்ணெய் கலந்து அதையும் இதே மாதிரி துணிப்பையில கட்டித் தேய்ப்பாங்க. மஞ்சளா கண்ணாடி மாதிரி ஆகும் அந்தத் தரை. இந்த ரெண்டு தேசத்து ஆளுங்களும் நம்ம ஊர்ல வந்து இருக்காங்க, நெல் அரைக்கிற மில் வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கம் எத்தனையோ இருக்கு, ஆனா தவிட்டை நாம மாட்டைத் தவிர வேற யாருக்கும் கொடுக்கிறதில்ல.

அதுலயும் நமக்கு ஒரு வசதி. தவிட்டுல எண்ணெயைக் கெடுக்குற ஒரு நொதி இருக்கு, பச்சரிசித் தவிடு அரைச்ச கொஞ்ச நாள்லயே சிக்கடிக்கும். புழுங்கல் அரிசித் தவிட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு, நெல்லை அவிக்கிறப்பவே அந்த நொதி செத்துடும். எண்ணெயும் அதுலதான் கூடுதல். அதனால மில்லுல கேக்குறப்போ புழுங்கல் தவிடுன்னு கேளு. தீவனக் கடையில வாங்கினா எண்ணெய் எடுத்த தவிட்டைக் கட்டி விட்டுடுவாங்க, அது ஒண்ணுத்துக்கும் ஆகாது. ஒரு பிடி எடுத்து நியூஸ்பேப்பர்ல வச்சு மடிச்சுக் கட்டைவிரலால அழுத்திப் பாரு. பிரிச்சதும் எழுத்து மேல எண்ணெய் வட்டம் தெரியணும். வெறும் தூள் மட்டும் உதிர்ந்தா கடையிலேயே வச்சுட்டு வந்துடு. உமி கலந்திருந்தா சலிச்சிடு, உமியில இருக்கிற சிலிக்கா மரத்தைக் கீறும்.

சலிச்ச தவிடு ரெண்டு பிடி. இரும்புச் சட்டியில சின்னத் தீயில ஈரம் போகுற வரைக்கும் வறு, புட்டு மாவு வறுக்குறப்போ வர்ற வாசனை வந்ததும் இறக்கு, கருக விடாத. ஆறினதும் மாமாவோட பழைய வேட்டியில ரெண்டு மடிப்புல உருண்டையா இறுக்கிக் கட்டு. தூசி தட்டின பலகையில மரவரி போற போக்குலயே அழுத்தித் தேய். குறுக்கே தேய்க்காத. முதல்ல ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல துணியோட முனை பழுப்பா ஈரம் காட்டும், அப்போ எண்ணெய் இறங்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். ஒரு தடவை போட்டுட்டுக் காஞ்ச துணியால நல்லா உருவி எடு. மறுவாரம் மறுபடி. ஒரே நாள்ல ஜொலிக்கணும்னு ஊற ஊறத் தேய்ச்சா தவிட்டெண்ணெயும் பிசுக்காகும், அது சோம்பேறியா காயுற எண்ணெய். கீழே கொட்டின தூளைத் துடைக்காம விட்டா அன்னிக்கு ராத்திரியே எறும்பும் கரப்பானும் வந்து நிக்கும். ஊஞ்சலுக்கு இதை விட நல்ல பாலிஷ் எனக்குத் தெரியாது. லேமினேட்டுக்கோ பி.யூ. போட்ட தரைக்கோ இதால பிரயோஜனம் இல்ல, எண்ணெய் உள்ளே இறங்க வழியே கிடையாது.

ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள மரத்துக்குத் தவிடு மட்டும் தாங்காது, மெழுகு வேணும். தேன்மெழுகு ஒரு பங்கு, ஆளி விதை எண்ணெய் மூணு பங்கு, எடையில. கொதிக்கிற தண்ணிக்குள்ள கிண்ணம் வச்சு உருக்கு, நேரா அடுப்புல வைக்காத, தீப்பிடிக்கும். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலதான் உருகும், ஆனா எண்ணெய் கூடிட்டா நம்ம ஊர் மே மாசத்துக் கூடத்துலயே இளகி காலோட ஒட்டும், அதனால வெயில் காலத்துல எண்ணெயை ஒரு பங்கு குறைச்சுக்கோ. துணியில பட்டாணி அளவு எடுத்து மெல்லிசா பூசி, அரை மணி நேரம் கழிச்சு வேற துணியால தேய்ச்சு எடு. பிலிப்பைன்ஸ்ல மெழுகு போட்ட மரத்தரையைத் தேங்காய் மட்டையைப் பாதியா வெட்டி, அது மேல ஒரு காலை வச்சு நடனம் ஆடுற மாதிரி தேய்ச்சுப் பளபளப்பாக்குவாங்க. நம்ம வீட்டுலயும் மட்டைக்குப் பஞ்சமில்ல, முதுகு வலிக்காம வேலை முடியும்.

ஆளி விதை எண்ணெய் வாங்குறப்போ பெயிண்ட் கடையில வேகவச்சதுன்னு விக்கிறது வேண்டாம். சீக்கிரம் காயணும்னு அதுல உலோக உப்பு சேர்ப்பாங்க. பச்சை எண்ணெய் காய நாள் எடுக்கும், பரவாயில்ல. ஆனா ஒண்ணை மறக்காத, இந்தக் கட்டுரையிலேயே ஆபத்தான இடம் இதுதான்: அந்த எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாத. காத்தோட சேர்ந்து காயுறப்போ அது சூடு கிளப்பும், சுருட்டின துணிக்குள்ள அந்தச் சூடு அடைஞ்சு யாரும் தீ வைக்காமலே பத்திக்கும். விரிச்சு வெளியே கொடியில போடு, இல்ல தண்ணியில முக்கி வை. குப்பைத்தொட்டியிலயும் அப்படியே போடாத, அங்கயும் அதே ஆபத்துதான்.

பிரெஞ்ச் பாலிஷ் போட்ட பழைய மரத்துக்கு அதையே திரும்பப் போடலாம். அரக்கு நம்ம நாட்டுச் சரக்கு. ஜார்க்கண்ட் காட்டுல மரக்கிளையில பூச்சி கட்டுறது. அதை ஆராயுறதுக்குன்னே 1924-ல ராஞ்சியில ஒரு நிறுவனம் தொடங்கினாங்க. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல பூசுறது இதே அரக்குதான், காஞ்சப்புறம் பிள்ளை நக்கினாலும் பயமில்ல. பயம் அதைக் கரைக்கிற பாலிஷ் ஸ்பிரிட்லதான் இருக்கு, அதுல மெத்தனால் கலந்திருக்கலாம். ஆசாரி வேலை செய்யுற அன்னிக்கும் மறுநாளும் ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடு. மெலமைன் பாலிஷ் நல்லா மின்னும் மேடம்னு ஆசாரி ஆரம்பிப்பார். வேண்டாம்னு சொல்லு. அது காயுறப்போ ஃபார்மால்டிஹைடு வெளியே விடும், உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-லயே அதைப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு வகைப்படுத்திடுச்சு. கெட்டியான பூச்சுதான் வேணும்னா தண்ணியில கலக்குற பி.யூ. கேளு, வாடை ரொம்பக் குறைச்சல். ஆனா அது ஓனர் செலவுல ஓனர் செய்ய வேண்டிய வேலை. தொட்டா காஞ்ச மாதிரி அன்னிக்கே இருக்கும், உள்ளே இறுகறதுக்கு ஒரு வாரம் விடு, அதுவரைக்கும் பாய், கார்ப்பெட் எதுவும் விரிக்காத.

பழைய கதவு, வாசக்கால் பெயிண்டை நீயே உப்புத்தாள் போட்டுச் சுரண்டாத. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முன்ன அடிச்ச பெயிண்ட்ல எவ்வளவு இருக்கோ, அந்தத் தூள் பாப்பாவுக்கு ஆகவே ஆகாது.

இந்த ஊருக்கே உரிய ரெண்டு மரத்தைப் பத்தியும் சொல்லணும். ஒண்ணு பேக்கிங் கட்டை. கார் பார்ட்ஸ், மெஷின் வர்ற பெட்டியையும் பேலட்டையும் உடைச்சு விக்கிற கடையில வாங்கி, திண்ணை மாதிரி மேடை, பிள்ளைக்குக் கட்டில், சில பேர் பால்கனித் தரையே போட்டுடுறாங்க. விலை குறைச்சல், கட்டையும் நல்லாத்தான் இருக்கும், பெரும்பாலும் பைன். வாங்குறதுக்கு முன்னாடி கட்டையில சூடு போட்ட முத்திரையைத் தேடு. கதிர் படம் போட்ட கட்டத்துக்குள்ள நாட்டோட ரெண்டு எழுத்து, ஒரு எண், அதோட எச்.டி. (HT) இல்ல எம்.பி. (MB)ன்னு இருக்கும். எச்.டி.ன்னா நடுக்கட்டை வரைக்கும் 56 டிகிரி சூட்டுல 30 நிமிஷம் வச்சுப் பூச்சியைக் கொன்னிருக்காங்க, எந்த மருந்தும் இல்ல. எம்.பி.ன்னா மெத்தில் புரோமைடு புகை போட்டது, அது வீட்டுக்குள்ள வேண்டாம். முத்திரையே இல்லேன்னாலும், எண்ணெய்க் கறையோ கெமிக்கல் வாடையோ இருந்தாலும் வேண்டாம், அந்தப் பேலட் மேல என்ன டிரம் கவுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். எச்.டி. கட்டை கிடைச்சா ஆணி பிடுங்கி, இழைச்சு, மேல சொன்ன மெழுகு போடு, தாராளமா புழங்கலாம். பைன் மெத்துன்னு இருக்கும், நாற்காலி இழுத்தா தடம் விழும், அதைப் பொறுத்துக்கணும்.

இன்னொண்ணு கன்டெய்னர் தரை. சைட் ஆபீஸ், செக்யூரிட்டி ரூம், இப்போ டீக்கடை வரைக்கும் பழைய கன்டெய்னரை வெட்டிப் போடுறாங்க. மாப்பிள்ளை அவரோட வேலையிடத்துல கன்டெய்னர் ஆபீஸ் தரையையும் பாலிஷ் போடலாமான்னு கேட்டாரே, அதுக்குப் பதில். அது நிஜமாவே கெட்டி மரம்தான், 28 மில்லிமீட்டர் பிளைவுட், தென்கிழக்காசியாவோட கெருயிங் மாதிரி மரத்துல பண்ணது அதிகம். ஆனா கப்பல்ல போறப்போ அந்த மரத்துல பூச்சி ஏறாம இருக்க அதுக்குப் பூச்சிமருந்து ஏத்தியிருப்பாங்க. கதவுல அடிச்சிருக்கிற தகட்டுல டி.சி.டி. (TCT)ன்னு ஒரு வரி இருக்கும், என்ன மருந்து, எப்போ போட்டதுன்னு அதுல எழுதியிருக்கும். அந்தத் தரையை உப்புத்தாள் போட்டு இழைக்கவே கூடாது, தூளோட மருந்தும் மூக்குல ஏறும். எண்ணெய், மெழுகு போட்டும் பிரயோஜனம் இல்ல. தண்ணி பி.யூ. ரெண்டு கோட் அடிச்சு மேல வினைல் விரிச்சிட்டா அடைஞ்சிடும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து தரையில உக்காந்து சாப்பிடுற பழக்கத்தை மட்டும் அங்க விடச் சொல்லு.

கீழ்வீட்டுப் பாட்டி அவங்க சிவப்புக் காவித் தரையைப் பத்திக் கேட்டாங்கன்னு சொன்னியே. அது சிமெண்ட், ஆசிட்டும் வினிகரும் படவே கூடாது. நல்லா துடைச்சுக் காய விட்டு, அதே தேன்மெழுகு பேஸ்ட் மெல்லிசா பூசித் துணியால தேய்ச்சா போதும். வயசானவங்க, மெழுகை மிச்சம் விட்டா வழுக்கும், நீயே கூட இருந்து துடைச்சு எடுத்துக் கொடு.

உன் வீட்டுக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது: கட்டில், நாற்காலி காலுக்கெல்லாம் கம்பளித் துணி பொட்டு ஒட்டு. பழைய கோட்டோ ஸ்வெட்டரோ இருந்தா வட்டமா வெட்டிக்கலாம், கடையில ரெடிமேடாவும் கிடைக்கும். தரையில கை வைக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற கீறல், உப்பல் எல்லாத்தையும் தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல போட்டுடு. அப்புறம் நீ அனுப்பின ரெண்டாவது போட்டோவுல ஜன்னலோரம் மட்டும் பலகை ஓரம் தூக்கியிருக்கு பாரு, அது மங்கல் இல்ல, தண்ணி. மேல ஏசி இருக்கு, டிரெயின் பைப் உள்பக்கமா சொட்டுதுன்னுதான் எனக்குச் சந்தேகம். அதைச் சரிபண்ணாம தரைக்கு எதைப் போட்டாலும் ஐப்பசி மழையில இன்னும் தூக்கும். ஏசி மெக்கானிக்கை முதல்ல கூப்பிடு, பூந்திக்கொட்டையை அதுக்கப்புறம் ஊறப் போட்டுக்கலாம்.